பதிவும் உரிமையும்

(விழா நாள் மாலை அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மங்கல விழா நாளில் வில்லங்கம் என்னும் சொல்லை எடுப்பது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் அச்சொல்லை அறியாதவர் இந்த அவையில் இலர். வீடோ மனையோ நிலமோ வாங்கிய ஒவ்வொருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்து, குறிப்பிட்ட காலத்தில் வில்லங்கம் ஏதுமில்லை என்ற தாளைக் கையில் வாங்கி, ஒருவாறு நெஞ்சம் ஆறியவர்களே. அந்த ஆறுதல் எந்த அளவுக்கு நியாயமானது என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் வீடு அல்லது மனை வாங்குவதே. கிரயத் தொகையோடு செலவு நின்றுவிடுவதில்லை. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஐம்பது லட்ச ரூபாய்ச் சொத்துக்கு நான்கரை லட்சம் அரசுக்குச் செல்கிறது. இத்தனையும் செலுத்திக் கைரேகை வைத்து, புகைப்படம் எடுத்து, முத்திரையிட்ட பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு வெளியே வருகிறவர், சொத்து தமக்கே உரியது என்று அரசு உறுதியளித்துவிட்டதாக நம்புவதில் வியப்பில்லை. ஆனால் சட்டம் அவ்வாறு உறுதியளிக்கவில்லை.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படுவது ஆவணமே, உரிமை அன்று. எழுதிக் கொடுத்தவர் தாமே வந்து கையொப்பத்தை ஒப்புக்கொள்கிறாரா, அவர் இன்னார் என்பதற்கு அடையாளம் உண்டா, சொத்து விவரம் தெளிவாக உள்ளதா, தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டதா என்பவையே சார்பதிவாளரின் முதன்மையான கவலைகள். விற்பவர் மெய்யாகவே உடையவர்தாமா என்று சாட்சிகளை விசாரித்து முடிவு சொல்வது அவர் பணியன்று; அது உரிமையியல் நீதிமன்றத்தின் பணி. விற்பவரிடம் முழு உரிமை இருந்தால் முழு உரிமை வாங்குபவருக்குச் சேரும். பாதி இருந்தால் பாதி. ஒன்றும் இல்லையெனில், ஒன்பது விழுக்காடு செலுத்திப் பதிந்த பத்திரத்திலும் ஒன்றும் இல்லை.

எல்லா நாடுகளிலும் நிலைமை இப்படி இல்லை. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உடையவர். பதிவேடே உரிமைக்கு ஆதாரம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலம் வாங்கிய உறவினர் உடையோர் அங்குள்ள நடைமுறை எத்துணை எளியது என்று கேட்டிருக்கக்கூடும். அவ்விரு நாடுகளிலும் அந்த முறையே வழங்குகிறது. இந்தியாவில் அது இன்னும் வரவில்லை. இங்கே பதிவேடு என்பது, யார் யார் எந்தெந்த நாளில் என்னென்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதன் தொகுப்பு மட்டுமே. அவர்கள் எழுதியது மெய்யா என்பதற்கு அத்தொகுப்பு பொறுப்பேற்பதில்லை.

இதனை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7-ஆம் நாள், தமிழ்நாட்டிலிருந்தே சென்ற ஒரு வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியது. கிரயம் எழுதிக் கொடுப்பவர் முந்தைய மூல ஆவணத்தைக் காட்டாவிடில் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்னும் விதி இருந்தது. உரிமையை ஆராயும் அதிகாரம் சட்டத்தில் சார்பதிவாளருக்கு இல்லாதபோது, விதியின் வழியாக அதனைக் கொடுக்க இயலாது என்று கே. கோபி வழக்கில் நீதிமன்றம் அவ்விதியின் அப்பகுதியைச் செல்லாததாக்கியது. விதியால் செய்ய இயலாததைச் சட்டத் திருத்தத்தால் செய்ய மாநிலச் சட்டமன்றம் பின்னர் முனைந்தது. ஆகவே பத்திரம் பதியும் நாளில் நடைமுறை எதுவோ அதை அந்நாளில் கேட்டறிவதே முறை. நடைமுறை எவ்வாறு மாறினும், மூல ஆவணத்தைப் பார்த்தாக வேண்டிய கடமை வாங்குபவர் தலையிலிருந்து இறங்கப்போவதில்லை.

வில்லங்கச் சான்றின் நிலையும் இதுவே. பதிவு அலுவலகத்தின் அட்டவணைகளைத் தேடி, அச்சொத்தைப் பற்றிப் பதிவான ஆவணங்களை அது பட்டியலிடுகிறது. பதிவாகாதவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. வாய்மொழியாக நடந்த பாகப் பிரிவினை, பதியாத உயில், இறந்தவரிடமிருந்து வாரிசுகளுக்கு இறங்கிய உரிமை, பதியாத வாடகை ஒப்பந்தத்தின்பேரில் உள்ளே குடியிருப்பவரின் உரிமை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகிய எவையும் அதில் இரா. நிலுவை வழக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அவ்வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். வழக்கு இருப்பதே தெரியாது என்பது அவருக்குத் தற்காப்பு ஆகாது. இப்போது நீதிமன்றங்களின் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரை இட்டுத் தேட இயலும். அரைமணி நேர வேலை. ஆனால் அதைச் செய்வோர் மிகச் சிலரே.

அடமானத்திலும் ஒரு மறைவிடம் உண்டு. மூலப் பத்திரங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துக் கடன் பெறுவது சென்னை முதலிய நகரங்களில் நெடுங்காலமாகச் செல்லுபடியாகும் அடமானம். வங்கிகள் இன்று அதற்கான குறிப்பாணையைப் பெரும்பாலும் பதிவு செய்துவிடுகின்றன. தனியார் கடன்களில் அப்படி நிகழும் என்று எதிர்பார்க்க இயலாது. அசல் பத்திரத்தைக் கேட்டால், "ஊரில் இருக்கிறது, பதிவன்று கொண்டுவருகிறேன்" என்று நகலை நீட்டுபவரிடம் முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைப்பதே தக்கது.

தேடும் முறையிலும் பிழை நேரும். புல எண்கள் காலந்தோறும் உட்பிரிவு ஆகின்றன. ஊர் நகரமானால் பழைய புல எண் மறைந்து நகர அளவை எண் வருகிறது. பதிவு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டு, ஒரே சொத்தின் பழைய ஆவணம் ஓர் அலுவலகத்திலும் புதிய ஆவணம் வேறோர் அலுவலகத்திலும் இருக்கக்கூடும். இன்றைய எண்ணை மட்டும் கொடுத்து இன்றைய அலுவலகத்தில் தேடினால், வில்லங்கம் இருந்தும் இல்லையென்ற சான்று வரும். அதில் பொய் ஏதுமில்லை; கேட்ட கேள்விக்கு விடை வந்தது, அவ்வளவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆவணம் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்று சட்டம் காலம் கொடுத்திருக்கிறது. அவ்வாறு பதிவானபின் அது பதிவான நாளிலிருந்தன்றி, எழுதிய நாளிலிருந்தே செயற்படும். ஆகவே தை மாதத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாசியில் மற்றொருவருக்கு எழுதிப் பதிவும் செய்து கொடுத்தவரிடம் வாங்கிய அந்த இரண்டாமவர், பங்குனியில் முதலாமவர் தம் பத்திரத்தைப் பதிவு செய்யக் கண்டு திகைக்க நேரும். மாசியில் எடுத்த வில்லங்கச் சான்றில் அது தெரிந்திருக்க இயலாது. சொத்தில் இருப்பவர் யார், அண்டை நிலத்தார் யாரை உடையவராக அறிவர் என்று நேரில் சென்று விசாரிக்கும் பழைய பழக்கம் இத்தகைய இடத்தில்தான் பயன்படுகிறது.

முப்பது ஆண்டு வில்லங்கம் எடுக்க வேண்டும் என்பர். ஏன் முப்பது என்று கேட்போர் குறைவு. முப்பது ஆண்டு பழைமையுடைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வெளிவருமாயின், அதன் கையொப்பங்களை மெய்யென்று கொள்ள நீதிமன்றத்துக்குச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அரசு தன் நிலத்தை மீட்க வழக்கிடுவதற்கான காலவரையும் முப்பது ஆண்டு. தனியாருக்கு அது பன்னிரண்டு. எனவே முப்பது ஆண்டு பின்னோக்கிச் சென்றால் ஓரளவு உறுதியான தரையில் கால் பதியும். எனினும் எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சியே முதன்மை. விற்பவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று ஒவ்வொரு கண்ணியையும் பற்றிச் செல்லும்போது, எங்கே ஒரு மரணம் குறுக்கிடுகிறதோ அங்கே வாங்குபவர் நெடுநேரம் நிற்க வேண்டும். சொத்து வழக்குகளில் பெரும்பகுதி முளைப்பது அவ்விடத்தில்தான்.

செய்யாறு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தம் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய ஒருவர் 1994-இல் உயில் எழுதாமல் காலமானார் எனக் கொள்க. அவருடைய தாய், மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள் அப்போது உயிரோடிருந்தனர். வீட்டு வரியும் மின் இணைப்பும் மூத்த மகன் பெயருக்கு மாறின. பட்டாவும் ஆண் மக்கள் இருவர் பெயருக்கு வந்தது. முப்பது ஆண்டு கழித்து அவ்விருவரும் சேர்ந்து முழு வீட்டையும் விற்றனர். வில்லங்கச் சான்றில் தந்தையின் பெயருக்கு வந்த கிரயத்துக்குப் பின் ஒரு பதிவும் இல்லை. வாங்கியவருக்குக் கிடைத்தது என்ன?

மூன்றில் ஒரு பங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் தனிச் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு சமபங்கு. ஆறு பேரில் இருவர் விற்றதால் ஆறில் இரண்டே வாங்கியவருக்குச் சேரும். சட்டத்தின் பெயரில் இந்து என்றிருப்பினும், பௌத்தரும் சமணரும் சீக்கியரும் அதற்கு உட்பட்டவர்கள் என்று அதன் 2-ஆம் பிரிவே பெயர் சொல்லிக் கூறுகிறது. சமணக் குடும்பங்களுக்குத் தனி வழக்காறு உண்டென்று 1956-க்கு முன் நீதிமன்றங்களில் சான்று காட்டி வாதிட்ட காலம் இருந்தது. இன்று வாரிசுரிமையில் அதற்கு இடமில்லை. இது பலருக்குத் தெரியாமலிருப்பதால்தான் இவ்வவையில் சற்று விரித்துச் சொல்ல வேண்டியதாகிறது.

இறந்தவரின் தாய்க்கும் பங்கு உண்டு என்பது பெரும்பாலும் மறக்கப்படும் செய்தி. அந்த மூதாட்டி பின்னர் உயிலின்றிக் காலமானால், அவருடைய ஆறில் ஒரு பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் இறங்கும். அதாவது, மேற்சொன்ன வீட்டில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் சிறு பங்கு பிறந்துவிடுகிறது. வாங்கியவருடைய துன்பம் அத்துடன் முடிவதில்லை. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய அயலார், பாகப் பிரிவினை வழக்கிட்டுத் தம் பங்கைப் பிரித்துக்கொள்ளலாமே அன்றி, அதுவரை அக்குடும்பத்தோடு கூட்டாக அனுபவிக்க உரிமை கோர இயலாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு சொல்கிறது. முழு விலை கொடுத்தவர் வாசலிலேயே நிற்க வேண்டிய நிலை.

பெண் மக்களைப் பற்றிக் கேட்டால் விற்பவர் வழக்கமாகச் சொல்லும் விடை ஒன்று உண்டு: "திருமணத்துக்குச் சீர் செய்தோம், நகை போட்டோம், தலைப்பிரசவம் பார்த்தோம்; அவர்கள் பங்கு கேட்க மாட்டார்கள்." கேட்க மாட்டார்கள் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சீரும் நகையும் பங்குக்கு ஈடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் வாங்கிய கையொப்பமும் போதாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். சொத்து தந்தையின் தனிச் சம்பாத்தியமாக இல்லாமல் பூர்வீகமாக இருப்பின், தமிழ்நாட்டுத் திருத்தப்படி 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகளுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மணமான, மணமாகாத எல்லா மகள்களுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமை உண்டு. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துவிட்ட பிரிவினைகள் மட்டும் காப்பாற்றப்பட்டுள்ளன. வாங்குபவர் ஒவ்வொரு மகளையும் நேரில் கண்டு, பத்திரத்தில் கையொப்பமிடச் செய்து, அவர் பங்குக்குரிய தொகையை அவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது நன்று. அண்ணன் வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்து, எதற்கென்று கேளாமல் கையொப்பமிட்டுச் செல்லும் தங்கையர் இருக்கிறார்கள். தொகையைத் தனித்தனியே செலுத்தும் வாங்குபவர் தம் உரிமையைக் காத்துக்கொள்வதோடு, அத்தங்கைக்கு உரியது என்ன என்பதை அவருக்குத் தெரியவும் செய்கிறார்.

வாரிசுகளில் மைனர் ஒருவர் இருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். மைனரின் தனிச் சொத்தைத் தந்தையோ தாயோ காப்பாளர் என்ற முறையில் விற்க, நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை. அனுமதியின்றி விற்றால், அம்மைனர் பதினெட்டு வயது நிறைந்து மூன்று ஆண்டுக்குள் அக்கிரயத்தை விலக்கிக்கொள்ள முடியும். தாய் தந்தையர் எழுதிக் கொடுத்த தானசெட்டில்மென்ட்டைக் கொண்டு பிள்ளை விற்கும் சொத்திலும் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அது நிறைவேறாவிடில், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகி அப்பத்திரத்தைச் செல்லாததாக்கப் பெற்றோருக்கு வழியுண்டு. எழுதிக் கொடுத்த முதியவரை ஒருமுறை சென்று பார்த்துப் பேசுவது வாங்குபவருக்கு இழுக்கன்று.

இனிப் பட்டா. பட்டா வைத்திருப்பவரே உடையவர் என்ற எண்ணம் சிற்றூர்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. வருவாய்த் துறைப் பதிவேடு வரி வசூலுக்காகவும் நில நிர்வாகத்துக்காகவும் ஏற்பட்டது. அதுவே உரிமை ஆவணம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் பலமுறை கூறிய முடிபு. 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வழக்கில் யு.டி.ஆர். எனப்படுவதில், அண்டை நிலத்தார் பெயரும் பங்காளி பெயரும் இடம் மாறி ஏறிய பிழைகள் இன்றும் திருத்தப்பட்டு வருகின்றன. இருப்பினும் பட்டாவை ஒதுக்கிவிடலாகாது. நிலம் நஞ்சையா, புன்செய்யா, நத்தமா, புறம்போக்கா என்பதையும், பத்திரத்தின் சக்குபந்தி புலப்படத்தின் அளவோடு ஒத்துவருகிறதா என்பதையும் அதன் துணையின்றி அறிய இயலாது. பத்திரத்தில் 2,400 சதுர அடி என்றிருந்து, அளந்து பார்த்தால் 2,150 அடியே தேறும் மனைகள் உண்டு. நில அளவரை அழைத்து அளக்கும் செலவு அச்சொத்தின் விலையில் ஒரு துளி.

பவர் பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முகவராகச் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதே அதன் பயன். அது சொத்தை மாற்றிக் கொடுப்பதில்லை. பவர், உடன்படிக்கை, உயில் மூன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கிரயம் ஆனதாகக் கருதும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் ஏற்க மறுத்தது. அதிகாரம் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு முடிகிறது. ஆதலால் பவர் ஏஜெண்டிடம் வாங்குவோர், கொடுத்தவர் உயிரோடிருப்பதையும் பவரை ரத்து செய்யாதிருப்பதையும் பதிவு நாளன்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முன்பணம் கொடுத்து எழுதும் கிரய உடன்படிக்கை, தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். தீர்வைச் செலவுக்கு அஞ்சி வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வோர் இன்னும் உள்ளனர். அதைவிடக் கேடானது, விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கைமாற்றுவது. வருமான வரிச் சட்டம் சொத்துப் பரிமாற்றத்தில் இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதைத் தடுக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான தண்டம் விதிக்க இடமுண்டு. வரியையும் அறத்தையும் ஒருபுறம் வைத்து, வாங்குபவரின் நலனை மட்டும் நோக்கினாலும் கணக்கு தெளிவானது. எண்பது லட்சத்துக்கு வாங்கி ஐம்பது லட்சம் என்று எழுதியவர், பின்னாளில் உரிமை பழுதுபட்டு விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டால், அவர் கையில் இருக்கும் ஆதாரம் ஐம்பது லட்சத்துக்கே. மற்ற முப்பது லட்சம் எந்த நீதிமன்றத்திலும் வாய் திறக்காது.

அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்று வழங்குவது, ஓரளவு அரண் அமைத்துள்ளது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டம் பதிவு பெறாமல் விளம்பரம் செய்யக்கூடாது. உடன்படிக்கை பதிவாகும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. வாங்கிய பணத்தில் எழுபது விழுக்காடு அத்திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். இவ்வரண் கட்டுமான நிறுவனத்தின் மீதுதான். நிலத்தின் மூல உரிமையை வாங்குபவரும் பார்த்தே தீர வேண்டும். ஏனெனில் வீட்டோடு அவர் வாங்கும் பிரிபடாத நிலப்பங்கு, மேலே சொன்ன அத்தனை மரணங்களையும் மகள்களையும் கடந்து வந்த நிலத்தின் துண்டே.

தரகர்களும் இச்சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியவர்கள். பதிவு பெறாத திட்டத்தை விற்கவோ பொய்யான உறுதி கூறவோ அவர்களுக்கு உரிமையில்லை. பழைய வீட்டின் மறுவிற்பனையில் வரும் தரகரை இச்சட்டம் பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே அவருக்குரிய தரகு எவ்வளவு, எப்போது, யார் தருவது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொண்டால் பதிவு அலுவலக வாசலில் நிகழும் பூசல் நிகழாது. நல்ல தரகர் பத்திர நகல்களைத் தாமே முன்வந்து கொடுப்பார். வழக்கறிஞரின் சட்டக் கருத்துரை எதற்கு என்று கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

வீட்டை வாடகைக்கு விடுவோருக்கும் எழுத்தும் பதிவும் இன்று தவிர்க்க இயலாதவை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகையைப் பதிய வேண்டாம் என்பதால் பதினோரு மாதத்துக்கு எழுதும் பழைய உத்தி இச்சட்டத்தின்முன் நிற்காது. காலம் எதுவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்துக்குப் பழகியவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நன்று. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக, அதைத் திருப்பித் தர வேண்டும். வாடகை தராதவரை வெளியேற்றவும் வழி உண்டு; ஆனால் அது வாடகை நீதிமன்றத்தின் வழி. பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதும் வீட்டுக்காரரைக் குற்றவாளியின் இடத்தில் நிறுத்திவிடும். மொத்தமாக ஒரு பெருந்தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் லீஸ் முறையில் புகுவோர், தொகையைக் கொடுக்கும் முன் வீட்டின் மேல் வங்கிக் கடன் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும் நாளில் குடியிருப்பவர் கையில் இருக்கும் பதியாத காகிதம் அவரைக் காவாது.

இதுவரை கூறியவற்றில் பெரும்பகுதி வாங்குபவரை நோக்கியது. சொத்தை ஏற்கெனவே உடையவரும் இதே தேடலைத் தம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தந்தையின் பெயரிலேயே நிற்கும் பட்டாவை மாற்றுவது, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று வைப்பது, உடன்பிறந்தார் அனைவரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே பாகப் பிரிவினையை எழுதிப் பதிவு செய்வது ஆகியவை பத்தாண்டு கழித்துச் செய்ய முனைந்தால் பல மடங்கு கடினமாகும். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால், விற்கும் தேவை வரும்வரை காத்திராமல் இப்போதே காவல் நிலையத்தில் புகார் செய்து, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றைப் பெற்று, சார்பதிவாளரிடமிருந்து சான்றிட்ட நகலை வாங்கி வைக்கலாம். நகலுக்கு மனுச் செய்யப் பத்திர எண்ணும் ஆண்டும் பதிவான அலுவலகத்தின் பெயரும் தேவை. அவை மூன்றும், அப்பத்திரத்துக்குப் பின் அதே சொத்தின்மீது எழுதப்பட்ட வேறு ஏதேனும் ஓர் ஆவணத்தில் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.